ரோடு, லோடு, லாட்டு: ஏலமலை ஏறிய ஆங்கிலம்

“ஏண்ணே, ஜீப்பு டைமுக்கு வந்துரும்ல? நேத்து லேட்டாயி சூப்பர்வைசரு ஆஃப் டே லீவு போட்டுட்டாரு.”

போடிநாயக்கனூரில் பொழுது விடியும் முன்பே காதில் விழக்கூடிய பேச்சு இது. ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து, 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் போடிமெட்டுக்கு ஏறுவார்கள். அங்கே தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கும். பூப்பாறை, சாந்தன்பாறை என்று தோட்டங்கள் விரியும். இப்படிப் பேசுகிற ஒருவரிடம் இங்கிலீஷ் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். “நமக்கு ஒரு எழுத்து தெரியாதுண்ணே” என்பார். மேலே உள்ள பேச்சில் இருப்பவை 11 சொற்கள். அவற்றில் ஏழு ஆங்கிலம்.

ஜீப், டைம், லேட், சூப்பர்வைசர், ஹாஃப், டே, லீவ். எந்த வகுப்பிலும் உட்காராமல், எந்த அகராதியையும் புரட்டாமல், இடமறிந்து, பொருள் பிசகாமல் அவர் எடுத்தாளும் சொற்கள். அன்றாட ஆங்கிலம் கற்கத் தொடங்குகிற போடிக்காரரின் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்குவதில்லை. அவரிடம் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்க்கப் புறப்பட்டால், ஒரு மொழி இன்னொரு மொழியை எப்படி உள்ளே வாங்குகிறது என்ற இயந்திரமே கண்முன் திறந்துகொள்கிறது.

இப்படிக் கடனாகப் புகுந்து, படிக்காமலே ஒருவரிடம் சேர்ந்துவிட்ட அயல்மொழிச் சொற்களைக் ‘கைவசச் சொற்கள்’ என்று அழைப்போம். ஜப்பானியரின் கைவசத்தில் எவ்வளவு ஆங்கிலம் இருக்கிறது என்று ஃபிராங்க் டால்டன் என்ற ஆய்வாளர் கணக்கெடுத்தார். ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் 3,000 சொற்குடும்பங்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை ஏதோ ஒரு வடிவில் ஜப்பானிய மொழிக்குள் ஏற்கெனவே இருந்தன. சொற்குடும்பம் என்றால் ஒரு வேர்ச்சொல்லும் அதன் கிளைகளும்: ‘டிரைவ்’, ‘டிரைவர்’, ‘டிரைவிங்’ மூன்றும் சேர்ந்து ஒரு குடும்பம். பஸ்ஸும் டிக்கெட்டும் கண்டக்டரும் சில்லறையும் கலந்து பேசும் நம் ஊரில் அந்தக் கையிருப்பு கணிசமாகவே இருக்கும். நாம் அதை ஆங்கிலம் என்று எண்ணுவதை நிறுத்தி வெகுகாலமாகிவிட்டதால் கண்ணில் படுவதில்லை.

கண்ணில் படாததற்கு ஓர் அழகான காரணம் உண்டு. ஒவ்வொரு சொல்லும் உள்ளே வரும்போது தமிழ் அதைப் பிரித்து, தன் அளவுக்கு வெட்டி, புதிதாகத் தைத்துத்தான் விடுகிறது. அந்தத் தையலின் விதிகள் வியக்கத்தக்க துல்லியம் உடையவை.

தமிழ்ச் சொல் எதில் முடியலாம், எதில் முடியக்கூடாது என்று தொல்காப்பியம் வரையறுத்திருக்கிறது. க், ட், ப் போன்ற வல்லின மெய்கள் சொல்லின் கடைசியில் நிற்கக் கூடாது. ஆங்கிலத்துக்கோ அப்படி முடிவது சர்வசாதாரணம். ஆகவே ‘கப்’ என்ற சொல் வந்ததும் அதன் வாலில் ஓர் உகரம் ஒட்டிக்கொள்கிறது, குறிலை அடுத்த ஒற்று இரட்டிக்கிறது, ‘கப்பு’ பிறக்கிறது. இதே வழியில் பஸ்ஸு, செட்டு. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. நேற்று வந்த கைபேசிச் சொல்லுக்கும் இன்று காலையிலேயே இந்த உகரம் ஒட்டியிருக்கும்.

அடுத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். ஆங்கிலத்தில் அதிராத வல்லொலியும் அதிரும் ஒலியும் வேறு வேறு எழுத்துகள். தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. ‘பட்டு’ என்று இரட்டித்தால் அழுத்தமாகவும், ‘படு’ என்று ஒற்றையாய் நின்றால் அதிர்வோடும் ஒலிக்கிறோம். எழுத்து ஒன்றுதானே, தமிழர்கள் இந்த வேறுபாட்டை எப்படிப் பிடிப்பார்கள் என்று நினைக்கத் தோன்றும். மழைக்காலத்தில் தோட்டத்துக்குப் போகிறவர் ‘ரெயின் கோட்டு’ எடுத்துக்கொள்கிறார். டீக்கடையில் காசு கொடுக்க ‘க்யூஆர் கோடு’ கேட்கிறார். கோட்டு, கோடு. ஆங்கிலத்தில் கடைசி மெய்யின் அதிர்வில் மட்டுமே இருக்கும் வித்தியாசத்தை, அவர் தமிழின் இரட்டிப்பாக மாற்றி, ஒரு துளி சிந்தாமல் காப்பாற்றியிருக்கிறார்.

தோட்டத்துச் சொற்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தால் விதி தன்னாலே தெரியும். ரோடு, லோடு, கிரேடு, ஸ்பீடு: ஆங்கிலத்தில் அதிரும் ஒலியோடு முடிபவை எல்லாம் ஒற்றை. ரேட்டு, கேட்டு, நோட்டு, சீட்டு: அதிராமல் முடிபவை எல்லாம் இரட்டை. பள்ளிக்கூடம் பக்கமே போகாத பாட்டியும் இதில் தவறுவதில்லை. ஆங்கிலத்தின் ஒலி வேறுபாடு ஒன்று அவர் காதில் சரியாக விழுந்திருக்கிறது; அதைத் தமிழில் எங்கே வைப்பது என்றும் அவர் மூளை கண்டுபிடித்திருக்கிறது.

மெல்லினத்தை அடுத்து வரும்போது மட்டும் தமிழ் பிடிவாதம் பிடிக்கிறது. ‘டேங்க்’ என்ற சொல்லின் கடைசி ஒலி ஆங்கிலத்தில் அதிராது. நாம் ‘தண்ணி டேங்கு’ என்று சொல்லும்போது, ‘சங்கு’ என்பதில் வரும் அதே ஒலியோடு அதிர விடுகிறோம். ஙகரத்துக்குப் பின் வரும் ககரம் அப்படித்தான் ஒலிக்க வேண்டும் என்பது தமிழின் பழக்கம். வந்த விருந்தாளியும் வீட்டு வழக்கத்துக்குக் கட்டுப்படுகிறான்.

சொல்லின் தொடக்கத்தில் கதை வேறு. ட, ர, ல மூன்றும் சொல்லுக்கு முதலில் வரக்கூடாது என்பதும் பழைய விதிதான்; அதனால்தான் முன்னோர் ‘இலண்டன்’, ‘உரோமாபுரி’ என்று எழுதினார்கள். இன்றைக்கு ‘உரோடு’ என்று யாரும் சொல்வதில்லை. ரோடு, லாரி, டீ என்று தயக்கமில்லாமல் தொடங்குகிறோம். தலைவாசலைத் திறந்துவிட்ட தமிழ், கொல்லைக் கதவை மட்டும் இன்றுவரை உகரம் போட்டுப் பூட்டியே வைத்திருக்கிறது. இரட்டை மெய்யில் தொடங்கும் சொற்கள் நடுவில் மாட்டிக்கொள்கின்றன: படித்தவர் ‘ஸ்டோர்’ என்பார், பெரியவர்கள் ‘இஸ்டோரு’ என்பார்கள்.

ஸ்டோர் என்றதும் மலைக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது கடை அல்ல. பறித்த பச்சை ஏலக்காயைச் சூட்டில் உலர்த்தும் கட்டடம்தான் அங்கே ஸ்டோர். தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு ‘லயம்’ என்று பெயர். ‘லைன்’ என்பதிலிருந்து வந்தது. ஏலக்காய் வியாபாரத்தில் ‘போல்டு’ என்றால் நன்றாகத் திரண்ட பெரிய காய். ஏற்றுமதித் தரங்களின் பெயரிலேயே ‘ஆலப்பி கிரீன் போல்டு’ என்று இருக்கிறது. போடியில் ஏலக்காய் வியாபாரி வீட்டுக் குழந்தை அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்து, பள்ளியில் ‘போல்டு’ என்றால் துணிச்சல் என்று படிக்கும்போது திகைக்கத்தான் செய்யும். கைவசச் சொற்களில் இப்படிப் பொருள் நகர்ந்தவை கொஞ்சம் உண்டு. ஆனால் பழைய பொருளைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. தெரிந்த ஒலிக்கு இன்னொரு பொருளைச் சேர்ப்பது, ஒலி, எழுத்து, பொருள் மூன்றையும் புதிதாகக் கற்பதைவிட எளிது.

இவ்வளவு இருந்தும் அந்த ஜீப் பயணியால் ஏன் ஓர் ஆங்கில வாக்கியம் பேச முடிவதில்லை? அவர் பேச்சை மறுபடியும் பாருங்கள். ‘டைமுக்கு’ என்கிறார். ஆங்கிலத்தில் அது ‘ஆன் டைம்’. ‘டைம்’ மலையேறி வந்துவிட்டது, ‘ஆன்’ வரவில்லை. அதன் வேலையை நம் ‘கு’ உருபு செய்துவிடுகிறது. லீவு வந்தது, அதைப் போடும் வினை தமிழ்.

இது போடியின் தனிக்குணம் இல்லை. உலகின் 41 மொழிகளை வைத்து, எந்த வகைச் சொற்கள் அதிகம் கடன்வாங்கப்படுகின்றன என்று மார்ட்டின் ஹாஸ்பெல்மத், ஊரி டாட்மோர் ஆகியோர் தலைமையில் ஒரு பெரிய ஆய்வு நடந்து 2009இல் வெளிவந்தது. பெயர்ச்சொற்களில் நூற்றுக்கு 31 கடன். வினைச்சொற்களில் 14 மட்டுமே. பொருள்களுக்கான பெயர் எளிதில் எல்லை தாண்டும், வினை தயங்கும், வாக்கியத்தைக் கட்டும் சின்னச் சொற்களோ இன்னும் குறைவாகவே நகரும். வினைக்குத் தமிழ் ஒரு சாமர்த்தியமான வழி வைத்திருக்கிறது. ஆங்கில வினையை அப்படியே வாங்கி, பின்னால் ‘பண்ணு’வைக் கட்டிவிடும்: ட்ரை பண்ணினான், லோடு பண்ணுவாங்க, கிரேடு பண்ணல. காலம், இடம், எதிர்மறை எல்லாவற்றையும் ‘பண்ணு’ சுமந்துகொள்ளும். சின்னச் சொற்களுக்கு அப்படி ஒரு வழி தேவைப்படவே இல்லை. நம்மிடம் வேற்றுமை உருபுகள் இருக்கின்றன.

இனி வருவதுதான் விசித்திரம். தமிழுக்குள் வராத அந்தச் சின்னச் சொற்கள்தாம் ஆங்கிலத்தின் பாதி.

அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி குசெராவும் நெல்சன் பிரான்சிஸும் 1960களில் செய்தித்தாள், கதை, கட்டுரை என்று பல வகை எழுத்துகளிலிருந்து சுமார் 10 லட்சம் சொற்களைத் திரட்டி, கணினியில் எண்ணினார்கள். ‘தி’ என்ற ஒரு சொல் மட்டும் 69,971 தடவை வந்திருந்தது, நூற்றுக்கு ஏழு. ‘ஆஃப்’ 36,411 தடவை. முதல் சொல்லில் ஏறக்குறைய பாதி. மூன்றாவதாக ‘அண்ட்’. இப்படி வரிசையில் இறங்க இறங்க எண்ணிக்கை சரசரவென்று சரியும் ஒழுங்குக்கு, அதைப் பரவலாக எடுத்துக்காட்டிய ஜார்ஜ் ஜிப்ஃப் பெயரால் ‘ஜிப்ஃப் விதி’ என்று பெயர். அந்தத் திரட்டின் பாதியை நிரப்ப 135 சொற்களே போதுமானதாக இருந்தன. மறுகோடியில், அதில் இருந்த சுமார் 50,000 வெவ்வேறு சொற்களில் ஏறக்குறைய பாதி ஒரே ஒரு தடவை மட்டும் தலைகாட்டியவை.

ஒரு நாளைக்கு ஐந்து சொல் என்று வைத்தால் 135 சொற்களுக்கு 27 நாள் போதும். ஒரு மாதம்கூட ஆகாது. ஆனால் அந்தப் பட்டியலில் யானையோ ஆப்பிளோ இருக்காது. இன், ஆன், டு, இஸ், வாஸ், இட், தட் போன்ற, படம் வரைந்து காட்ட முடியாத சொற்கள்தாம் நிறைந்திருக்கும். போடிக்காரரிடம் ஏற்கெனவே இருப்பவை பொருள்களின் பெயர்கள். அவரிடம் இல்லாதவை அவற்றைக் கோக்கும் நார். இரண்டையும் சேர்த்துவிட்டால் ஆங்கில வாக்கியம் நின்றுவிடும். ஆரம்பப் பாடங்களில் பழத்தின் பெயரும் விலங்கின் பெயரும் வரிசையாக வருவதைப் பார்க்கும்போது எனக்கு ஆதங்கமாக இருக்கும். ‘ரோடு’ தெரிந்த குழந்தைக்கு ‘ஆன் தி ரோடு’ என்று சொல்லிக்கொடுத்தால், புதிதாகக் கற்க வேண்டியது இரண்டு துளிச் சொற்கள் மட்டுமே. அதே இரண்டும் பஸ்ஸுக்கும் சுவருக்கும் மேசைக்கும் திரும்பத் திரும்ப உதவும்.

எந்தச் சொல்லை முதலில் கற்பிப்பது என்ற கேள்விக்கு முறையாக விடை தேடியவர்களில் முன்னோடியான ஒருவர், நம் துணைக்கண்டத்தின் வகுப்பறைகளில் இருந்துதான் தொடங்கினார். மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை நடத்திவந்தார். வங்கப் பிள்ளைகள் ஆங்கிலம் கற்பதை ஆராய்ந்து 1926இல் ஒரு நூல் எழுதினார். அவரை உறுத்திய உண்மை ஒன்று உண்டு: பள்ளியில் சேரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் படிப்பை முடிப்பதில்லை. பத்தாண்டுப் படிப்பின் பயன் பத்தாம் ஆண்டில்தான் கிடைக்கும் என்றால், ஐந்தாம் ஆண்டில் நின்றுவிடுகிற பிள்ளைக்கு மிஞ்சுவது என்ன?

இதற்கு அவர் பயன்படுத்திய சொல் நம் வீடுகளிலும் புழங்குவதுதான்: ‘சரண்டர் வேல்யூ’. இன்சூரன்ஸ் பாலிசியை நடுவில் முடித்துக்கொண்டால் கைக்கு என்ன வரும் என்ற கணக்கு. படிப்பை எந்த இடத்தில் நிறுத்தினாலும், கட்டிய தவணைக்கு ஈடாக மாணவன் கையில் ஏதாவது இருக்க வேண்டும் என்றார் வெஸ்ட். அதற்கு ஒரே வழி, அதிகம் பயன்படும் சொற்களை முதலில் தருவது. ஸ்டோரில் உலர்ந்த காயைச் சல்லடையில் சலித்து எட்டு மில்லிமீட்டர், ஏழு மில்லிமீட்டர் என்று பிரிப்பது போல, அவர் ஆங்கிலச் சொற்களைப் பயன்பாட்டின் அளவில் சலிக்கத் தொடங்கினார். பாடநூல்களில் அரிய சொற்களை எடுத்துவிட்டு எளியவற்றை வைத்தார். புதுச் சொற்களை நெருக்கி அடுக்காமல், பழகிய சொற்களின் நடுவே விலக்கி விலக்கிப் பதித்தார். 1935இல் ஓர் அகராதி வெளியிட்டார். அதில் சுமார் 24,000 சொற்களுக்கும் தொடர்களுக்கும் விளக்கம் இருந்தது. அத்தனை விளக்கங்களையும் எழுத அவர் பயன்படுத்திய சொற்கள் 1,490 மட்டுமே. 1,490 தெரிந்தவர் மீதியைத் தாமே திறந்துகொள்ளலாம். 1953இல் அவர் தொகுத்து வெளியிட்ட சுமார் 2,000 சொற்குடும்பங்களின் பட்டியல் உலகெங்கும் ஆங்கிலப் பாடநூல்களின் அடித்தளமாயிற்று.

அந்த 2,000 குடும்பங்கள் தெரிந்தால் சாதாரண எழுத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு சொல் புரியும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஐந்துக்கு ஒன்று புரியாமல் படிப்பது பெரும் சிரமம். துணையில்லாமல் நிம்மதியாகப் படிக்க நூற்றுக்கு 98 சொல் தெரிந்திருக்க வேண்டும் என்பது நியூசிலாந்து அறிஞர் பால் நேஷனின் கணக்கு. அதற்கு 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும். நாளுக்கு ஐந்து என்றால் ஏறக்குறைய நான்கரை முதல் ஐந்து ஆண்டுகள். முதல் மாதத்தில் பாதி மலை ஏறிவிடலாம். உச்சியின் கடைசி வளைவுகளுக்குத்தான் ஆண்டுகள் பிடிக்கும்.

சின்னச் சொற்கள் காதில் விழாமல் போவதற்கு ஒலியிலும் காரணம் இருக்கிறது. ஆங்கிலம் பேசுகிறவர் அவற்றை விழுங்கிவிடுவார். ‘கப் ஆஃப் டீ’ என்பதில் நடுச்சொல் ஒரு மூச்சுக் கீற்றாகச் சுருங்கிவிடும். அப்படிச் சுருங்கிய மங்கல் உயிரொலிதான் ஆங்கிலத்தில் மிக அதிகமாக ஒலிக்கும் உயிர். அதற்கென்று ஆங்கிலத்தில் ஓர் எழுத்துகூட இல்லை. எந்த உயிரெழுத்தும் அந்த வேடம் போடலாம். நமக்கு இது புதிதாகத் தோன்றலாம். ஆனால் ‘ரோடு’ என்று சொல்லும்போது கடைசியில் நாம் உதட்டைக் குவிக்காமல் பட்டும் படாமலும் விடுகிறோமே, அந்த உகரத்தின் பெயர் குற்றியலுகரம். அதற்கு அரை மாத்திரைதான் என்று இலக்கணம் அளந்து வைத்திருக்கிறது. குறுகி ஒலிக்கும் உயிர் ஒன்று நம் வாயில் தினமும் நூற்றுக்கணக்கான முறை வந்துபோகிறது. ஆங்கிலத்தின் மங்கல் உயிரை ஆசிரியர் விளக்க நினைத்தால் இங்கிருந்தே தொடங்கலாம்.

எந்தச் சொல் வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. அது தங்குமா?

ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எப்பிங்ஹவுஸ், பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, மறதியைத் தன் மீதே அளந்து, 1885இல் வெளியிட்டார். மறுபடி கற்கும்போது எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்பதுதான் அவரது அளவுகோல். 20 நிமிடம் கழித்து நூற்றுக்கு 58 பங்கு மிச்சம். ஒரு நாள் கழித்து 34. ஒரு மாதம் கழித்து 21. முதல் நாளில் பள்ளத்தில் உருளும் மறதி, பிறகு சமவெளியில் நடப்பது போல மெதுவாகிவிடுகிறது. ஆகவே இன்று கற்றதை நாளை ஒரு தடவை தொட்டுவிட்டால் மிகப் பெரிய சரிவைத் தடுத்துவிடலாம்.

போடிப் பகுதியில் இதைத் தன்னை அறியாமலே செய்யவைக்கும் ஒரு காகிதம் இருக்கிறது. போடியிலும், மலைக்கு அந்தப் பக்கம் புத்தடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையங்கள் உள்ளன. வாங்குகிறவர்கள் கணினி முன் உட்கார்ந்து விலை கேட்க, லாட்டு லாட்டாகக் காய் கைமாறும். ஏலம் முடிந்ததும் விலைப்பட்டியல் ஆங்கிலத்தில் வெளியாகும். அதன் தலைப்புகள் நாள் தவறாமல் ஒன்றே: டேட் ஆஃப் ஆக்‌ஷன், ஆக்‌ஷனியர், நம்பர் ஆஃப் லாட்ஸ், டோட்டல் குவான்டிட்டி அரைவ்டு, குவான்டிட்டி சோல்டு, மேக்ஸ் பிரைஸ், ஆவரேஜ் பிரைஸ். அவற்றின் கீழே எண்கள் மட்டும் மாறும்.

இதைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘நம்பர் ஆஃப் லாட்ஸ்’. நம்பரும் லாட்டும் கைவசச் சொற்கள். நடுவில் நிற்கிறது, ஆங்கிலத்தின் இரண்டாவது பெரிய சொல்லான ‘ஆஃப்’. நாம் ‘லாட்டுகளின் எண்ணிக்கை’ என்று சொல்லும்போது ‘இன்’ உருபு செய்யும் வேலையை அது செய்கிறது. வரிசை மட்டும் தலைகீழாகிறது. ‘டேட் ஆஃப் ஆக்‌ஷன்’ என்று அதே வேலையை மறுபடியும் செய்து காட்டுகிறது. லாட்டின் வாலில் ஒட்டிய ‘ஸ்’ பன்மை. ‘அரைவ்டு’ வினையின் இறந்தகாலம் வெறும் வால். ‘சோல்டு’ வினையிலோ சொல்லின் உள்ளேயே உயிர் மாறுகிறது. பிரைஸ் இரண்டு தடவை, குவான்டிட்டி இரண்டு தடவை. வேற்றுமை, பன்மை, இறந்தகாலம் மூன்றும் அடங்கிய பாடநூல் ஏழு தலைப்புகளில் கைபேசிக்கு வந்து சேர்கிறது.

அதை வாசிக்கும் கண்ணும் சாதாரணக் கண் அல்ல. ஆவரேஜ் பிரைஸ் ஏறினால் கடன் அடையும், இறங்கினால் உரக்கடைக்குப் பதில் சொல்ல வேண்டும். மூளைக்கு இது முக்கியம். 2006இல் அலிசன் ஆட்காக் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். சில படங்களை நினைவில் வைத்தால் ஐந்து டாலர், வேறு சிலவற்றுக்குப் பத்து சென்ட் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் படங்களைக் காட்டினார்கள். மறுநாள் ஐந்து டாலர் படங்களே அதிகம் நினைவில் நின்றன. படம் கண்ணில் படும் முன்பே, பரிசை எதிர்நோக்கும் மூளைப் பகுதியும் நினைவைப் பதிக்கும் ‘ஹிப்போகாம்பஸ்’ பகுதியும் தயாராகி நின்றதை ஸ்கேன் காட்டியது. விலைப்பட்டியல் திறக்கும் முன் ஏலக்காய் விவசாயியின் மூளை எந்த நிலையில் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இங்கே ஒரு சின்ன மாற்றம் செய்தால் பலன் பன்மடங்காகும். ஜெஃப்ரி கார்ப்பிக்கும் ஹென்றி ரோடிகரும் 2008இல் மாணவர்களுக்கு 40 சுவாஹிலிச் சொற்களைக் கற்பித்தார்கள். எல்லாரும் சொற்களைக் கற்று முடித்த பிறகு, சிலர் அவற்றைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். சிலர் விடையை மூடிவைத்து, திரும்பத் திரும்ப நினைவிலிருந்து எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து, நினைவிலிருந்து எடுத்தவர்களுக்கு நூற்றுக்கு 80 தங்கியிருந்தது. படிப்பதோடு நின்றவர்களுக்கு 35 அளவில்தான். உள்ளே போட்டுக்கொண்டே இருப்பதைவிட வெளியே எடுத்துப் பார்ப்பதுதான் நினைவைக் கெட்டிப்படுத்துகிறது. பட்டியலின் தலைப்பு வரியை விரலால் மூடிவிட்டு, எந்த எண் எதைச் சொல்கிறது என்று சொல்லிப் பார்த்தால் போதும்.

அதற்குப் பிறகு தூங்க வேண்டும். இது அக்கறைக்காகச் சொல்வதல்ல. கரெத் காஸ்கெல், நிகோலா டுமே இருவரும் ‘கதீட்ரல்’ என்ற சொல்லை ஒட்டி ‘கதீட்ரூக்’ என்பது போன்ற இல்லாத சொற்களை உருவாக்கி ஆங்கிலேயருக்குக் கற்பித்தார்கள். கற்றவுடன் அவர்களால் அதை அடையாளம் காண முடிந்தது. ஆனால் பழைய சொற்களோடு அது கலக்கவில்லை. ஒட்டாமல் தனியே நின்றது. 2007இல் அவர்கள் இன்னொரு சோதனை செய்தார்கள். காலையில் கற்று 12 மணி நேரம் விழித்திருந்தவர்களிடம் கலப்பு நிகழவில்லை. இரவில் கற்றுத் தூங்கி எழுந்தவர்களிடம், புதுச்சொல் பழைய சொல்லோடு போட்டி போடத் தொடங்கிவிட்டது. அதாவது சொந்தச் சொற்களின் கூட்டத்தில் அது சேர்ந்துவிட்டது. பகலில் தற்காலிகமாக வாங்கிவைத்த சொல்லை, இரவில் மூளை நிரந்தர வரிசையில் அடுக்குகிறது.

கடைசியாக, ஸ்டோருக்குள் போவோம். இன்று ஏலத்தோட்டங்களில் தமிழரோடு ஜார்க்கண்ட், அசாம் போன்ற மாநிலங்களிலிருந்து வந்தவர்களும் வேலை செய்கிறார்கள். கணக்கு எழுதுகிறவர் மலையாளியாக இருக்கலாம். அங்கே ‘லோடு’ என்ற ஒரே ஆங்கிலச் சொல் மூன்று உடைகளில் உலவும். தமிழர் வாயில் குற்றியலுகரத்தோடு. மலையாளி வாயில் உகரமும் அல்லாத, மெய்யும் அல்லாத அரை உயிரோடு. அவர்கள் இலக்கணத்தில் அதற்குச் சம்விருதோகாரம் என்று பெயர். இந்தி பேசுகிறவர் வாயில் உயிரே ஒட்டாமல், அதிரும் டகரத்தோடு நறுக்கென்று நிற்கும். ‘இஸ்டோர்’ என்ற விஷயத்தில் மட்டும், வயதான தமிழரும் வடக்கே இருந்து வந்தவரும் ஒருவரை ஒருவர் கேட்காமலே, முன்னால் அதே இகரத்தைச் சேர்த்திருப்பார்கள்.

இத்தனை விதமாகக் கேட்டால் குழப்பம்தான் மிஞ்சும் என்று எண்ணத் தோன்றும். கான்ஸ்டன்ஸ் கிளார்க்கும் மெரில் காரெட்டும் 2004இல் கண்டது வேறு: பழக்கமில்லாத உச்சரிப்புக்குக் காது தன்னைத் திருத்திக்கொள்ள ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. மறு ஆண்டு ஜோ பார்கிராஃப்ட், மிட்செல் சாமர்ஸ் இருவரும் ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு ஸ்பானியச் சொற்களைக் கற்பித்தார்கள். சில சொற்களை ஒரே குரலில் ஆறு தடவை. சிலவற்றை மூன்று குரல்களில். சிலவற்றை ஆறு வெவ்வேறு குரல்களில் ஒவ்வொரு தடவை. கேட்ட எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் ஒன்றே. ஆறு குரல்களில் கேட்ட சொற்களே சிறப்பாக நினைவில் நின்றன. குரலுக்குக் குரல் மாறுவதை விலக்கி, மாறாமல் இருப்பதை மூளை சொல்லின் உருவாகப் பிடித்துக்கொள்கிறது. லயத்துப் பிள்ளை ஒன்று அப்பாவிடமும், மலையாள ரைட்டரிடமும், ஜார்க்கண்ட் அண்ணனிடமும், ஜீப் டிரைவரிடமும், பள்ளி டீச்சரிடமும் ‘லோடு’ என்ற சொல்லை ஒரே நாளில் கேட்டுவிடும்.